'எல்' என்ற ஒரு எழுத்துக்காக ரிச்சி தெருவுக்கு மூன்று நடை

மகள் கல்லூரி வேலைக்கு வைத்திருப்பது 2014ல் வாங்கிய லேப்டாப். நாலாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ராம். போன வருடமே ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாயிற்று, அதனால் ஆன் ஆவதில் குறையில்லை. ஆனால் குரோமில் நாலைந்து டேப், கூடவே ஒரு வேர்ட் ஃபைல் திறந்தால் போதும், மவுஸ் அப்படியே நின்றுவிடும். புதிது வாங்க இப்போது வசதியில்லை. உள்ளே ராம் சொருக இன்னொரு ஸ்லாட் காலியாகத்தான் இருந்தது. 8 ஜிபி ஒன்று வாங்கிச் சொருகினால் மொத்தம் 12 ஆகிவிடும் என்று சனிக்கிழமை செங்கல்பட்டிலிருந்து ரயிலேறினேன்.

சென்னை ரிச்சி தெருவில் நான் போன கடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். "டிடிஆர்3ஆ, 4ஆ சார்?" ராமின் வகையைத்தான் கேட்கிறார்கள். 3 என்றேன். நாலாம் தலைமுறை ஐ3 என்றும் சொன்னேன். டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார். பழையதுதான், ஆயிரம் ரூபாய், ஒரு மாதம் வாரண்டி. பில் இல்லை என்றார். நான் விடாமல் கேட்டு, ஒரு சீட்டில் தேதியும் தொகையும் எழுதி வாங்கிக்கொண்டேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்தச் சீட்டுதான்.

பொருத்துவது பெரிய வேலையில்லை. பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி, அடியில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்தால் ஸ்லாட் தெரியும். ராமைச் சாய்வாக உள்ளே தள்ளி, தங்க நிறப் பற்கள் கண்ணில் படாத அளவுக்குப் போனதும் கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று பிடித்துக்கொள்ளும்.

ஆன் செய்தேன். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, திரை மட்டும் கறுப்பு.

திரும்பக் கழற்றி மாட்டினேன். பற்களை அழிரப்பரால் துடைத்தேன். ஸ்லாட்டை மாற்றிப் பார்த்தேன், புதியதை மட்டும் போட்டுப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை. மணி பன்னிரண்டு. திங்கட்கிழமை மகள் அசைன்மென்ட் கொடுக்க வேண்டும், இருந்ததையும் கெடுத்துவிட்டோமோ என்று வயிற்றைக் கலக்கியது. பழைய 4 ஜிபியை மட்டும் போட்டதும் திரை வந்தது. அப்போதுதான் உயிர் வந்தது எனக்கு.

அப்புறம் இரண்டையும் டியூப்லைட்டுக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்டிக்கரைப் படித்தேன். பழையதில் பிசி3எல்-12800எஸ். புதியதில் பிசி3-12800எஸ். அந்த ஒரு 'எல்'தான் வித்தியாசம். எல் இருந்தால் 1.35 வோல்ட், இல்லாவிட்டால் 1.5 வோல்ட். இரண்டுக்கும் 204 பின் (அந்தப் பற்கள்தான்), பற்களுக்கு இடையில் இருக்கும் வெட்டும் ஒரே இடத்தில். அதனால் கச்சிதமாக உட்காரும், தவறு என்று கைக்குத் தெரியவே தெரியாது. டிடிஆர்4 என்றால் வெட்டே வேறு இடம், உள்ளேயே போகாது. என்னுடையதைப் போன்ற நாலாம் தலைமுறை லேப்டாப்புகளுக்கு 1.35தான் வேண்டும். எல் போட்ட ராம் 1.5 வோல்ட்டிலும் ஓடும். ஆகவே சந்தேகமாக இருந்தால் எல் கேட்டு வாங்குங்கள்.

மறுநாள் விடிந்ததும் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை. தெருவில் கடை கடையாக ஷட்டர் இறங்கியிருந்தது. போக வர அரை நாள் போயிற்று.

திங்கட்கிழமை லேப்டாப்பையும் பையில் எடுத்துக்கொண்டு போனேன். "ஒரு தடவ மாட்டிட்டா ரிட்டர்ன் இல்ல சார்" என்றார் கடைக்காரர். சீட்டைக் காட்டினேன். எந்தத் தலைமுறை என்று வாங்கும்போதே சொன்னேனே என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்தில் ஏதோ போர்டைச் சால்டர் செய்துகொண்டிருந்த பையன் தலையைத் தூக்காமலே, "அண்ணே, ஃபோர்த் ஜென்னுக்கு எல்தான் போடணும், அவர் சொல்றது சரி" என்றான். அந்தத் தம்பி நன்றாக இருக்க வேண்டும். இருநூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டு, மாற்றிக் கொடுத்தார்கள். இந்த முறை அங்கேயே மாட்டச் சொன்னேன். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) 12288 எம்பி, அதாவது 12 ஜிபி என்று பார்த்த பிறகுதான் பணத்தை நீட்டினேன். பழைய ராமையாவது கையில் எடுத்துப் போங்கள், முடிந்தால் லேப்டாப்பையே கொண்டு போங்கள்.

வீட்டுக்கு வந்து விண்டோஸில் பார்த்தால் 12 ஜிபி என்று போட்டு, பக்கத்தில் பயன்படுத்தக்கூடியது 2.9 ஜிபி என்று இருந்தது! முன்பு யாரோ விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தபோது 32 பிட் வகையைப் போட்டிருக்கிறார்கள், அது 4 ஜிபிக்கு மேல் ராமைப் பயன்படுத்தாது. அப்படியென்றால் இத்தனை வருடமாக இருந்த 4 ஜிபியிலேயே ஒரு ஜிபிக்கு மேல் வீணாகக் கிடந்திருக்கிறது. சிஸ்டம் பக்கத்தில் '32 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம்' என்ற வரி எப்போதும் இருந்திருக்கிறது, நான் பார்த்ததில்லை. ராம் வாங்கக் கிளம்பும் முன் அந்த வரியைப் பாருங்கள். 32லிருந்து 64க்கு அப்டேட் மாதிரி மேலேயே ஏற்ற முடியாது, சுத்தமாகத் துடைத்துத்தான் போட வேண்டும். மகளின் ஃபைல்களை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து, 64 பிட் ஏற்றி முடிக்க மாலையாகிவிட்டது. புது கீ கேட்கவில்லை, பழைய லைசென்ஸே ஏற்றுக்கொண்டது.

செகண்ட் ஹேண்ட் என்பதால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் பிழை பூஜ்யம்.

அசைன்மென்ட் ஒரு நாள் தாமதமாகத்தான் போனது. நேற்று அவள் பதினைந்து டேப், வேர்ட், கூடவே ஆன்லைன் வகுப்பு என்று திறந்து வைத்திருந்தாள். எட்டிப் பார்த்தேன். மெமரி 48 சதவீதம், மவுஸ் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது.