கரைமேட்டில் ஓடும் பச்சை வண்டி: நியூ ஆர்லியன்ஸின் செயின்ட் சார்ல்ஸ் தடம்

நியூ ஆர்லியன்ஸ் வரைபடத்தில் செயின்ட் சார்ல்ஸ் டிராம் தடம் வெட்டிப் போட்ட நகத்துண்டு மாதிரி வளைந்து கிடக்கும். அமெரிக்க நகரங்களில் தெருக்களைக் கட்டம் போட்டு நேர்நேராக வைப்பார்கள். இது மட்டும் ஏன் இப்படி என்று தோன்றினால், கொஞ்சம் தள்ளி மிசிசிப்பி ஆற்றைப் பாருங்கள். அதே வளைவு. அணை, பம்பு எல்லாம் வருவதற்கு முன் ஆறு கரை புரளும்போதெல்லாம் கனமான எக்கல் கரையோரமாகவே படிந்துவிடும். மெல்லிய களிமண்தான் உள்ளே தூரம் வரை போகும். அதனால் அந்த ஊரில் ஆற்றங்கரைதான் மேடு. ஊருக்கு வடக்கேயுள்ள பான்சர்ட்ரெயின் ஏரிப் பக்கம் போகப்போகப் பள்ளம், பாதி ஊர் கடல் மட்டத்துக்கும் கீழே. மேடு என்றால் மலை இல்லை, சில மீட்டர் உயரம்தான். தண்டவாளம் அந்த மேட்டின் மேலேயே ஓடுகிறது. இந்தத் தடத்தின் வரலாற்றில் பாதிக்கு அந்தச் சில மீட்டர்தான் காரணம்.

டிராம் என்பது நம் வழக்கு. அந்த ஊர்க்காரர்களுக்கு அது ஸ்ட்ரீட்கார். டிராலி என்று யாராவது சொன்னால் உடனே திருத்துவார்கள்.

1835 செப்டம்பர் 26 அன்று தொடங்கியபோது இது டிராமே அல்ல, நீராவி ரயில். நியூ ஆர்லியன்ஸ் அண்ட் கேரல்டன் ரயில்ரோடு என்று கம்பெனியின் பெயர். கேரல்டன் அப்போது தனி ஊர். இடையில் கரும்புத் தோட்டங்கள். தோட்டங்களைப் பிரித்து மனை போட்டவர்களுக்கு ரயில் வேண்டியிருந்தது, ரயிலுக்கு மனை வாங்கிக் குடியேறும் ஆட்கள் வேண்டியிருந்தது. வழியிலிருந்த சிற்றூர்களை நகரம் ஒவ்வொன்றாக விழுங்கியது: லாஃபாயெட் 1852இல், ஜெஃபர்சன் 1870இல், கேரல்டன் 1874இல். ஊர் வளர்ந்ததால் தடம் வந்தது என்று நினைப்போம். இங்கே தடத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் வளர்ந்தது. அதே தடத்தில் இன்றும் வண்டி ஓடுகிறது. உலகில் விடாமல் தொடர்ந்து இயங்கிவரும் தெரு ரயில் தடங்களில் இதுவே மிகப் பழையது என்று சொல்கிறார்கள். கத்ரீனா புயலுக்குப் பின் பல மாதம் நின்று கிடந்ததை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வீடுகள் பெருகியதும் நீராவி எஞ்சின் தலைவலியானது. புகை, தீப்பொறி, சத்தம். வண்டிக் குதிரைகள் மிரண்டு ஓடின. கோவேறு கழுதைகளைப் பூட்டினார்கள். அந்த ஊர் வெக்கையைக் குதிரையைவிட அவை நன்றாகத் தாங்கும். உள்நாட்டுப் போரில் தென்மாநிலத் தளபதியாக இருந்த பியர் போரெகார்ட் 1866இல் இந்தத் தடத்தின் பொறுப்புக்கு வந்து, கழுதைக்கு மாற்று தேடி வடக்கயிறு இழுப்புவரை சோதித்துப் பார்த்தார். எமில் லாம் என்ற பல் மருத்துவர் முதலில் அம்மோனியாவில் ஓடும் எஞ்சின் செய்தார், பிறகு நெருப்பில்லா எஞ்சின். இந்த இரண்டாவதன் சூத்திரம் அழகானது. நிலையக் கொதிகலனிலிருந்து, அழுத்தத்தில் சூடேறிய தண்ணீரை வண்டித் தொட்டியில் நிரப்பிவிடுவார்கள். வால்வைத் திறந்தால் அழுத்தம் குறையும். குறைந்ததும் தண்ணீரில் ஒரு பங்கு தானாகவே ஆவியாகிப் பிஸ்டனைத் தள்ளும். வண்டியில் நெருப்பு இல்லை, புகையும் இல்லை. ஆனால் போகப்போக அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும், கடைசி மைலில் இழுவை இருக்காது. போய்ச் சேர்ந்ததும் மறுபடி நிரப்பியாக வேண்டும். இன்றைய பேட்டரி பஸ்ஸுக்கும் இதே கவலைதான்.

1893 பிப்ரவரி 1 அன்று மின்சாரம் வந்தது. அதற்குப் பிறகு இழுக்கும் சக்தியை மாற்றும் பேச்சே எழவில்லை.

இப்போதைய வழி ஒரு நடைக்கு ஏறக்குறைய பத்தரை கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். தொடக்கம் கனால் தெருவும் கரண்டலெட் தெருவும் சேரும் முனை. வண்டி கரண்டலெட் வழியே வந்து, கனாலில் திரும்பி, செயின்ட் சார்ல்ஸில் நுழைந்துவிடும். அங்கே சுற்றுப்பாதை இருப்பதால் ஓட்டுநர் வண்டியின் மறுமுனைக்கு மாறத் தேவையில்லை. வியாபாரப் பகுதியில் கார்களோடு நெரிசலில் நகரும். லாஃபாயெட் சதுக்கத்துக்கு எதிரில், வலப்பக்கம், தூண் வரிசையோடு நிற்பது காலியர் ஹால், பழைய நகர மன்றம். அதைத் தாண்டி வட்டச் சந்திப்பு. பழைய பெயர் லீ சர்க்கிள். தூண் உச்சியில் நின்ற தென்மாநிலத் தளபதி ராபர்ட் லீயின் சிலையை 2017இல் இறக்கினார்கள், 2022இல் ஹார்மனி சர்க்கிள் என்று பெயர் மாற்றினார்கள். பழைய வழிகாட்டிப் புத்தகம் வைத்திருப்பவர்கள் குழம்புவது இங்கேதான்.

வட்டத்தைத் தாண்டியதும் குறுக்குத் தெருக்களின் பெயர்களைப் படித்துக்கொண்டே போகலாம்: கலியோபி, கிளியோ, எராட்டோ, தலையா, மெல்பொமினி, டெர்ப்சிக்கோரி, யூட்டர்பி, பாலிம்னியா, யுரேனியா. கிரேக்கக் கலைத் தேவதைகள் ஒன்பது பேரும் வரிசையாக நிற்பார்கள். ஊர்க்காரர்கள் உச்சரிப்பதைக் கேட்டால் அந்தத் தேவதைகளுக்கே அடையாளம் தெரியாது.

இங்கிருந்து தண்டவாளம் சாலை நடுவிலுள்ள புல்வெளிக்கு ஏறிவிடுகிறது. இரண்டு பக்கமும் ஓக் மரங்கள் கவிந்திருக்கும். இந்த நடுத்திட்டுக்கு ஊர்ப் பெயர் ‘நியூட்ரல் கிரவுண்ட்’, அதாவது யாருக்கும் சொந்தமில்லாத இடம். கனால் தெருவின் ஒரு பக்கம் பிரெஞ்சு வழிவந்த கிரியோல்கள், மறுபக்கம் அமெரிக்கர்கள், இருவருக்கும் ஆகாது. நடுவிலிருந்த திட்டு இருவருக்கும் பொது. அந்தப் பெயர் அப்படியே ஊரிலுள்ள எல்லா நடுத்திட்டுக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆற்றை எதிர்த்து மேலே போகும்போது இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஏரி. கிழக்கு மேற்கு சொல்லி அந்த ஊரில் வழி கேட்டால் பயனில்லை. ஆற்றுப் பக்கம், ஏரிப் பக்கம் என்றுதான் பதில் வரும். கார்டன் டிஸ்ட்ரிக்டின் பெரிய வீடுகளைப் பார்க்க வாஷிங்டன் அவென்யூவில் இறங்கி ஆற்றுப் பக்கம் நடக்க வேண்டும். நெப்போலியன் அவென்யூ தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வலப்பக்கம் லயோலா, டுலேன் பல்கலைக்கழகங்கள், எதிரில் ஆடபன் பூங்கா. பிறகு ஆறு சட்டென்று திரும்பும் இடத்தில் தடமும் ஏறக்குறைய செங்கோணத்தில் வலப்பக்கம் திரும்பி கேரல்டன் அவென்யூவில் ஏறும். அந்த முனைக்கு ரிவர்பெண்ட் என்று பெயர். கடைசி நிறுத்தம் சவுத் கிளேபோர்ன். அங்கே நிற்பதற்கு இயற்கைக் காரணம் எதுவும் இல்லை. 1951 வரை டுலேன் அவென்யூத் தடத்தோடு சேர்ந்து இது ஒரு வளையமாக ஓடியது. டுலேன் பக்கத்தை எடுத்துவிட்டதால் பாதி வளையம் மிஞ்சியது.

வண்டிகளுக்கு வருவோம். வட கரோலினாவின் ஹை பாயிண்டில் பெர்லி தாமஸ் பட்டறை 1923-24இல் கட்டிய 900 வரிசை. இன்றும் 35 வண்டிகள், ஆலிவ் பச்சை நிறம், மரப் பலகை இருக்கைகள், 52 பேர் உட்காரலாம். ஏசி கிடையாது, ஜன்னலைத் தூக்கிக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பட்டறை பிறகு பஸ் கட்டப் போனது. அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளில் தாமஸ் என்று பார்ப்பது அதே பரம்பரை.

மின்சாரம் 600 வோல்ட் நேர்மின்சாரம். கூரையில் முன்னும் பின்னுமாக இரண்டு கம்பங்கள். ஓடும்போது பின்பக்கக் கம்பம் மட்டும் உயர்ந்து, மேலே ஒற்றைக் கம்பியைத் தொட்டுக்கொண்டு வண்டிக்குப் பின்னால் இழுபட்டு வரும். முன்பக்கம் நீட்டிய கம்பத்தோடு ஓட்டினால் கம்பிச் சந்திப்பில் சிக்கி முறியும். வில் அழுத்தத்தில் மேலே நிற்பதால், கம்பம் தடம் தவறினால் வான் நோக்கிப் பாய்ந்து தாங்கு கம்பிகளை அடித்துவிடும். விளக்கு அணையும், வண்டி நகராது. ஓட்டுநர் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்து, அண்ணாந்து பார்த்து, கம்பத்தைத் திரும்பக் கம்பியில் பொருத்துவார். மழையில் அது வெகு சங்கடமான வேலை.

வேகம் கூட்டுவது கைப்பிடியால், படிப்படியாக. முதல் படிகளில் மோட்டார்கள் தொடராக இணைந்திருக்கும், இடையில் மின்தடைகள் நிற்கும்; கைப்பிடி நகர நகரத் தடைகள் விலகும், பிறகு மோட்டார்கள் இணைச்சுற்றுக்கு மாறும். நடுப்படிகளில் நெடுநேரம் நிறுத்தி ஓட்டினால் மின்சாரம் தடைகளில் வீணாகி, அவை பழுக்கக் காயும். நல்ல ஓட்டுநர் மளமளவென்று தள்ளிவிட்டுப் பிறகு உருளவிடுவார். நிற்கும்போது தரைக்கு அடியில் கேட்கும் டுக்கு டுக்கு, காற்று பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரசர்.

தண்டவாளத்தில் ஓக் இலை நசுங்கி ஈரமானால் எண்ணெய் தடவியது போல் வழுக்கும். சக்கரத்துக்கு முன் மணல் தூவுவதுதான் மருந்து. 1890களில் கட்டிய 29ஆம் எண் வண்டியை இந்த வேலைக்கென்றே விடாமல் வைத்திருந்தார்கள். அதைவிடப் பெரிய தொல்லை கார்கள். அவென்யூவில் போகும் கார் இடப்பக்கம் திரும்பும்போது நடுத்திட்டு இடைவெளியில் தண்டவாளத்தின் மேலேயே வால் நீட்டி நிற்கும். பின்னாலிருந்து வருகிற டிராமால் விலக முடியாது, சட்டென்று நிற்கவும் முடியாது. மூன்றாவது, மார்டி கிரா என்ற கார்னிவல் விழா. ஊர்வலம் போகும் நாட்களில் நெப்போலியனிலிருந்து கனால் வரை டிராம் இல்லை, பஸ்தான். ஊர்வலத்தில் வீசிய மணிமாலைகள் அடுத்த கார்னிவல் வரைக்கும் மரத்திலும் கம்பியிலும் தொங்கும்.

தண்டவாள அகலம் 5 அடி இரண்டரை அங்குலம், அதாவது 1588 மில்லிமீட்டர். உலக வழக்கம் 1435. ஆகவே வேறு ஊரில் கழித்த வண்டியை வாங்கி அப்படியே ஓட்ட முடியாது. பாகம் தேய்ந்தாலும் வில்லோ தெருப் பணிமனையில் தாங்களே செய்துகொள்வார்கள். இதைக் குறை என்பார்கள். எனக்கு அது பலமாகத்தான் படுகிறது. நூறு ஆண்டு வண்டியைக் கையால் பழுதுபார்க்கத் தெரிந்த ஆட்கள் அந்த ஊரில் அற்றுப்போகவில்லை.

இருக்கைகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. 1867 வரை கறுப்பு நட்சத்திரம் வரைந்த வண்டியில்தான் கறுப்பர்கள் ஏறலாம். போராடி அதை ஒழித்தார்கள். 1902இல் மாநிலச் சட்டம் பிரிவினையைத் திரும்பக் கொண்டுவந்தது. இருக்கையின் முதுகில் செருகும் மரப்பலகை, அதற்குப் பின்னால் கறுப்பர்கள். வெள்ளைக்காரர்கள் கூட ஏறினால் பலகையைப் பிடுங்கி இன்னும் பின்னால் செருகலாம். உட்கார்ந்திருந்தவர் எழ வேண்டும். 1958 வரை இது நடந்தது. பலகைகள் செருகியிருந்ததும் இதே 900 வரிசை வண்டிகளில்தான்.

1964இல் கனால் தெருத் தடத்தைப் பிடுங்கிப் பஸ் விட்டார்கள். செயின்ட் சார்ல்ஸ் மட்டும் தப்பியது. கனாலுக்கும் நடுத்திட்டு இருந்தது, தண்டவாளமும் நன்றாகத்தான் இருந்தது. இந்த அவென்யூவில் குடியிருந்தவர்களின் செல்வாக்கு அங்கே இல்லை என்பது என் கணிப்பு. நாற்பது ஆண்டு கழித்து, 2004இல், கனாலில் மறுபடி தண்டவாளம் போட்டு, உள்ளூரிலேயே 24 சிவப்பு வண்டிகள் கட்டினார்கள், ஏசியோடும் சக்கர நாற்காலி ஏற்றியோடும்.

அடுத்த ஆண்டே கத்ரீனா, 2005 ஆகஸ்ட் 29. சிவப்பு வண்டிகளின் கொட்டகை பள்ளத்தில் இருந்தது. வெள்ளம் புகுந்து மின்னணுப் பாகங்கள் நாசம். பச்சை வண்டிகள் வில்லோ தெருவில், மேட்டில் இருந்தன, ஒன்றுக்கும் சேதமில்லை. ஆனால் அவற்றின் சொந்தத் தடத்தில் மரங்கள் விழுந்து கம்பி போய்விட்டது. ஒரு பக்கம் வண்டி இல்லாத தடம், மறுபக்கம் தடம் இல்லாத வண்டி. 2005 டிசம்பரில் பச்சை வண்டிகளைக் கனால் தெருவில் ஓட்டினார்கள். சொந்தத் தடம் துண்டு துண்டாகத் திரும்பியது: 2006 டிசம்பரில் லீ சர்க்கிள் வட்டம் வரை, 2007 நவம்பரில் நெப்போலியன் வரை, அந்த டிசம்பரிலேயே ரிவர்பெண்ட் வரை, 2008 ஜூன் 22இல் கிளேபோர்ன் வரை.

ஏறுகிறவர்களுக்கு: கம்பத்தில் மஞ்சள் பலகை இருக்கும் இடம்தான் நிறுத்தம். கட்டணம் ஒன்றேகால் டாலர், ஒரு நாள் பாஸ் 3 டாலர். காசாகக் கொடுத்தால் சரியான சில்லறை வேண்டும், மீதி தரமாட்டார்கள். படிகள் உயரம். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு இந்த வண்டிகளில் ஏற வழி இல்லை. 2014இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்த தடத்தின் வண்டியில் கைவைக்கத் தயங்குகிறார்கள். அது நியாயமாகப் படவில்லை.

கிளேபோர்னில் உடனே இறங்கி ஓடாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஓட்டுநர் ஒரு முனைக் கம்பத்தை இறக்கிக் கொக்கியில் மாட்டி, மறுமுனைக் கம்பத்தை ஏற்றுவார். கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு நடுவழியே நடந்துவருவார். வரும்போதே இரண்டு பக்கமும் இருக்கை முதுகுகளைத் தள்ளித் திருப்புவார், டக் டக்கென்று வரிசையாக. வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். கடைசி இருக்கை முதல் இருக்கையாகி, கனாலைப் பார்த்துத் திரும்பியிருக்கும்.