கோஆர்டினேட்டரைத் திட்டுவதற்கு முன் முதல் டவுனைப் பாருங்கள்

சனிக்கிழமை ஆட்டம் தோற்றால், அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்கள் வறுத்தெடுக்கும் முதல் ஆள் ஆஃபன்சிவ் கோஆர்டினேட்டர்தான், அதாவது பந்து வைத்திருக்கும் அணி (ஆஃபன்ஸ்) எந்த பிளேயை, எந்த ஆட்டத்திட்டத்தை, ஆடுவது என்று சொல்லும் கோச். 10 யார்டு முன்னேற அணிக்கு நாலு முயற்சி; ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன். அதிகம் கேட்கும் புகார் ஒன்று உண்டு: ‘மூன்றாவது டவுன், எட்டு யார்டு வேண்டும். நாலு யார்டில் பந்தைப் பிடிக்கிற பிளேயை யாராவது கூப்பிடுவார்களா?’

கோபம் நியாயமானது. ஆனால் அது விழுகிற இடம் பெரும்பாலும் தவறு. மூன்றாவது டவுனில் எட்டு யார்டு பாக்கி இருக்கும்போது, வரப்போவது பாஸ் (பந்தை எறிவது) என்று தடுக்கும் அணியான டிஃபன்ஸுக்கு முன்கூட்டியே தெரியும். பாஸ் ரஷ்ஷர்கள் (எறிபவரைத் துரத்துபவர்கள்) ஓட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பாய்வார்கள், பின்வரிசை எட்டு யார்டுக் கோட்டிலேயே காத்திருக்கும். அந்த நிலையில் எவ்வளவு பெரிய கோச் கையிலும் நல்ல பிளே நாலைந்துக்கு மேல் இருக்காது. அங்கே கொண்டுபோய் நிறுத்தியது எது என்பதுதான் கேள்வி. அதற்கான விடை முதல் டவுனில் கிடக்கிறது.

கல்லூரி ஆட்டத்தை அலசுபவர்கள் ஒரு பிளே வெற்றியா தோல்வியா என்று பார்க்க எளிய அளவுகோல் வைத்திருக்கிறார்கள். முதல் டவுனில் தேவையான தூரத்தில் 50 சதவீதம், இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுத் தூரம். ஆக முதல் டவுனில் 10 யார்டு வேண்டும் என்றால் 5 யார்டு எடுத்தால் வெற்றி, 3 எடுத்தால் தோல்வி. அடுத்த ஆட்டத்தில் ஒரு நோட்டில் முதல் டவுன்களை மட்டும் குறித்துப் பாருங்கள்: ஓட்டமா பாஸா, எத்தனை யார்டு, பாக்ஸில் (பந்துக்கு நேரெதிரே, லைனை ஒட்டிய பகுதி) எத்தனை டிஃபண்டர்கள். இந்த மூன்றே போதும்.

பாக்ஸ் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிளே-காலிங் குற்றம் நிஜமாகவே இருந்தால் இங்கேதான் பிடிபடும். பந்தோடு ஓடும் ஒரு ரன்னிங் பேக், தடுக்கவும் பிடிக்கவும் செய்யும் இரண்டு டைட் எண்ட், பாஸ் பிடிக்கும் இரண்டு ரிசீவர் என்று ஆஃபன்ஸ் நிற்கிறது என்று வையுங்கள். முன்வரிசையில் தடுக்கும் லைன்மேன் ஐவர், டைட் எண்ட் இருவர்: தடுக்க ஏழு பேர். எதிரணியில் இரண்டு கார்னர்கள் ரிசீவர்களோடு வெளியே போய்விட்டார்கள், கடைசிக் காவலான ஒரு சேஃப்டி ஆழத்தில் நிற்கிறார். மீதி எட்டுப் பேரும் பாக்ஸில். தடுக்க ஏழு பேர், வருவதோ எட்டுப் பேர். அந்த எட்டாவது ஆளை யாருமே தொடமாட்டார்கள், அவர் நேராக வந்து ரன்னிங் பேக்கைச் சாய்ப்பார். லைன் எவ்வளவு நன்றாகத் தடுத்தாலும் இதுதான் கதி.

எட்டாவது ஆளுக்கு வைத்தியம் உண்டு. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கும் ஓடுவார் என்ற பயம் இருந்தால், ஒரு டிஃபென்சிவ் எண்டை (டிஃபன்ஸ் முன்வரிசையின் ஓர ஆள்) தடுக்காமலே விட்டு, அவர் நகர்வைப் பார்த்து பந்தைக் கொடுப்பதா தானே ஓடுவதா என்று குவார்ட்டர்பேக் முடிவெடுக்கலாம், கணக்கு சமமாகிவிடும். இல்லையென்றால் ஆர்பிஓ, அதாவது ஓடுவதா எறிவதா என்று ஆடும்போதே முடிவெடுக்கும் பிளே: எட்டாவது ஆள் ஓட்டத்தை நோக்கி ஓரடி வைத்த நொடியில், அவர் முதுகுக்குப் பின்னால் பந்தை எறிவது. இதற்குக் கல்லூரி விதியே கைகொடுக்கிறது. தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் பாஸ் எறியுமுன் லைன்மேன் 1 யார்டுதான் முன்னே போகலாம், கல்லூரியில் 3 யார்டு வரை போகலாம். மூன்றாவது வழி, ஓட்டம் போலக் காட்டிவிட்டு எறியும் பிளே-ஆக்‌ஷன். இவை எதையும் காட்டாமல் முதல் டவுனில் எட்டுப் பேருக்குள் திரும்பத் திரும்ப ஓடவிட்டால், அது கூப்பிடுபவரின் தவறு. அதே சமயம், பாக்ஸில் ஆறே பேர் நிற்க ஓட்டத்தில் ஒரு யார்டுதான் வருகிறது என்றால் கோஆர்டினேட்டரை விட்டுவிடுங்கள், லைன் தோற்கிறது.

குவார்ட்டர்பேக்கை எறியுமுன்னே சாய்க்கும் சாக்கையும் இப்படியே பிரிக்கலாம். நாலு பேர் மட்டும் பாய்ந்து ஐந்து லைன்மேனைத் தாண்டி வந்தால் லைன் பலவீனம். ஆறு பேர் பாய்ந்து ஒருவர் யாரும் தொடாமல் வந்தால், பாதுகாப்பு அமைப்போ, குவார்ட்டர்பேக் சட்டென்று எறிந்திருக்க வேண்டிய பாஸோ பிசகியிருக்கிறது.

இந்த வகைக் கோபம் உச்சிக்குப் போனது அயோவா பல்கலைக்கழக அணியில். 2022-ல் சவுத் டகோட்டா ஸ்டேட்டை அயோவா 7-3 என்று வென்றது: ஒரு ஃபீல்டு கோல் (உதைத்து எடுக்கும் 3 புள்ளி), இரண்டு சேஃப்டி (எதிரணியை அதன் எல்லைக்குள்ளேயே மடக்கி டிஃபன்ஸ் எடுக்கும் 2 புள்ளி), டச்டவுன் ஒன்றுகூட இல்லை. ஆஃபன்சிவ் கோஆர்டினேட்டர் பிரையன் ஃபெரென்ட்ஸ், தலைமைக் கோச் கர்க் ஃபெரென்ட்ஸின் மகன் என்பது எரிகிற நெருப்பில் எண்ணெய். 2023 சீசனுக்காக அவர் ஒப்பந்தத்தையே திருத்தினார்கள். சம்பளம் 9 லட்சம் டாலரிலிருந்து 8.5 லட்சமானது, ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி, மொத்தம் 7 வெற்றி என்று இலக்கு. அணி 10 ஆட்டம் வென்றது. சராசரியோ 15.4 புள்ளி. அந்த சீசனோடு அவர் விலக வேண்டும் என்று அக்டோபரிலேயே அறிவித்துவிட்டார்கள்.

அந்த 25 புள்ளி இலக்கே தப்பான அளவுகோல் என்பது என் உறுதியான கருத்து. டிஃபன்ஸ் பந்தைப் பறித்து அடிக்கும் டச்டவுனும் அதில் சேரும். ஆஃபன்ஸை எடைபோட வேண்டுமென்றால் முதல் டவுன் வெற்றி விகிதத்தைக் கேட்டிருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்த ஆண்டு குவார்ட்டர்பேக் கேட் மெக்நமாராவும், டைட் எண்டுகள் லூக் லாக்கி, எரிக் ஆல் இருவரும் காயத்தால் சீசனை இழந்தார்கள். டைட் எண்டை நம்பிக் கட்டிய ஆஃபன்ஸுக்கு இது கையும் காலும் போன மாதிரி. 2024-ல் பிரையன் இடத்துக்கு டிம் லெஸ்டர் வந்தார். ஓரத்தை நோக்கிப் போகும் அவுட்சைட் ஸோன் ஓட்டத்தை அவர் தூக்கி எறியவில்லை; பந்து ஆட்டத்துக்கு வரும் ஸ்னாப்புக்கு முன் வீரர் இடம் மாறும் மோஷனைக் கூட்டினார். ரன்னிங் பேக் கேலெப் ஜான்சன் 1,537 யார்டு ஓடினார். பாஸிங் அந்த ஆண்டும் தேறவில்லை.

ரசிகர்கள் அடிக்கடி கவனிக்கத் தவறுவது ஹாஷ் மார்க், அதாவது ஒவ்வொரு பிளேக்கும் பந்தை வைக்கும் பகுதியின் இரு பக்க எல்லைக் குறிகள். கல்லூரி மைதானத்தில் இரண்டு ஹாஷுக்கும் நடுவே 40 அடி இடைவெளி. என்எஃப்எல்லில் வெறும் 18.5 அடி. பந்து ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 20 யார்டு, மறுபக்கம் 33 யார்டுக்கும் மேல். குறுகிய பக்கம் பபிள் ஸ்கிரீன் (ஓரத்து ரிசீவருக்கு உடனே எறியும் குட்டைப் பாஸ்) போட்டால், ரிசீவர் பந்தைப் பிடித்த இடத்திலேயே பக்கவாட்டுக் கோடு அவரை மடக்கிவிடும். அகலப் பக்கம் அவுட் ரூட் (பக்கவாட்டுக் கோட்டை நோக்கித் திரும்பும் ரிசீவருக்கு எறிவது) போட்டால் பந்து நெடுநேரம் காற்றில் இருக்கும். எறியும் கை பலமில்லை என்றால் கார்னர் அதைப் பறித்துக்கொண்டு ஓடுவார். உங்கள் அணி இந்த இரண்டையும் வாரா வாரம் செய்தால் உரக்கவே கேளுங்கள்.

பந்து கையில் வந்த முதல் முறை (டிரைவ்) அழகாக டச்டவுன், அதன்பிறகு முன்னேற முடியாமல் பந்தை உதைத்துக் கொடுக்கும் பன்ட்டுக்கு மேல் பன்ட் என்றால் நோய் வேறு. முதல் பத்துப் பதினைந்து பிளேக்கள் வாரம் முழுக்க யோசித்து எழுதி வைத்தவை. அந்தத் தாள் தீர்ந்ததும் ஆஃபன்ஸும் தீர்ந்துபோகிறது என்றால், எதிரணி மாற்றிக்கொண்டதற்கு கோஆர்டினேட்டரிடம் பதில் இல்லை.

மைதானத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் பிளே கிளாக்கில் ஒரு கண் வையுங்கள். அடுத்த பிளேயைத் தொடங்க அவகாசம் 40 விநாடி. 2024 முதல் எஃப்பிஎஸ் எனும் மேல்மட்டக் கல்லூரி அணிகளில் களத்திலுள்ள ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் கோச் பேசலாம். 15 விநாடி மிச்சமிருக்கும்போது அந்த இணைப்பு அறுந்துவிடும். லைன் 18 அல்லது 20-ல் அமைந்துவிட்டால், டிஃபன்ஸ் எப்படி நிற்கிறது என்று பார்த்து கோச்சே பிளேயை மாற்றச் சொல்லலாம். ஏழெட்டு விநாடி இருக்கும்போதுதான் அமைகிறது என்றால், எட்டுப் பேர் பாக்ஸில் நிற்பது கண்ணெதிரே தெரிந்தாலும் குவார்ட்டர்பேக்குக்கு மாற்ற நேரமில்லை. டிவியில் பார்ப்பவர்கள் ஸ்னாப்புக்குச் சற்று முன் நிறுத்தி, திரையின் மூலையில் அந்த எண் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.