ஹப்புத்தளை: ஓட்டோ, ரொட்டி, ஒரு கொழுந்துத் தூக்கி

பண்டாரவளையிலிருந்து ஹப்புத்தளைக்கு வந்த பஸ்ஸில் ஒற்றைக் காலை ஊன்றவும் இடமில்லை. அதையாவது பொறுக்கலாம். டவுனில் இறங்கியதும் தேயிலை ஃபெக்டரிக்குப் போய்வர ஓட்டோக்காரர் 4,000 ரூபாய் கேட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. "பெற்றோல் விலை தெரியுந்தானே அண்ணே" என்றார். தெரியும். ஆனாலும் அந்தத் தூரத்துக்கு அது அநியாயக் காசு. கொஞ்சம் காத்து நின்றேன், தோட்டத்துப் பஸ் வந்தது. நீங்களும் காத்து நில்லுங்கள், மிச்சம் பிடிக்கும் காசில் இரண்டு வேளை நன்றாகச் சாப்பிடலாம்.

ஃபெக்டரி அருமை. அரைக்கும் இடத்தில் எழும் பச்சை வாசத்துக்காகவே டிக்கெட் எடுக்கலாம். அதையெல்லாம் எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்குக் கொழும்பில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை, அதனால் என் கண் கொழுந்து மூட்டைகளை மேல்மாடிக்கு ஏற்றும் இரும்புக் கூண்டிலேயே நின்றது. கூண்டு வந்து நின்றால் மட்டுமே திறக்கும்படி அதன் வாசலில் ஒரு பூட்டு நாக்கு இருக்கிறது. அந்த நாக்கைப் பின்னுக்கு இழுத்து நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். கயிறு கிரீஸ் ஊறிக் கறுத்துப் போயிருந்தது, இன்று நேற்றுக் கட்டியதில்லை. பக்கத்திலேயே விறகு அடுப்பு. உத்தரமெல்லாம் தேயிலைத் தூசி. சுற்றிக் காட்டிய தங்கச்சியிடம் கேட்டேன். "தொறந்திருந்தாதாங்க அண்ணா வேலை ஓடும்" என்றாள்.

இதே நியாயத்தைத்தான் முதலாம் உலகப் போரில், பிரிட்டிஷ்காரரும் ஜெர்மன்காரரும் மோதிய ஜட்லண்ட் கடற்சண்டையிலும் சொன்னார்கள்.

போர்க்கப்பல்களின் ஷெல் தூக்கிகளைப் பற்றி எவ்வளவு படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பீரங்கி மேலே, டரட் என்ற கவசம் போட்ட சுழலும் மேடைக்குள் இருக்கும். ஷெல்லும் அதைச் செலுத்தும் கார்டைட் வெடிமருந்தும் கப்பலின் அடியில், நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். இரண்டையும் இணைப்பது தூக்கி. டரட்டில் எதிரியின் ஷெல் வெடித்தால் நெருப்புக்கும் அதே வழிதான். கீழ்நோக்கிப் பாயும் புகைபோக்கி மாதிரி.

1915 ஜனவரி 24, வட கடலில் நடந்த டொகர் பாங்க் சண்டையில் ஜெர்மன் கப்பல் ஸைட்லிட்ஸுக்கு இது நடந்தது. பின்பக்கத்து டரட் ஒன்றில் பற்றிய நெருப்பு கீழே இறங்கி, திறந்த கதவு வழியாகப் பக்கத்து டரட்டுக்கும் போனது. 150 பேருக்கு மேல் செத்தார்கள். ஜெர்மன்காரர் திருத்திக்கொண்டார்கள். பிரிட்டிஷ்காரர் வேகமாகச் சுட வேண்டும் என்று கதவுகளைத் திறந்து போட்டு, கார்டைட்டை முன்கூட்டியே எடுத்து அடுக்கினார்கள். 1916 மே 31 அன்று ஜட்லண்டில் அவர்களின் இன்டிஃபேட்டிகபிள், குயின் மேரி, இன்வின்சிபிள் மூன்றும் வெடித்து மூழ்கின. 3,300 உயிருக்கு மேல்.

அன்று லயன் என்ற பிரிட்டிஷ் கப்பலும் அடிபட்டது. ஆனால் அதன் கன்னர், அதாவது வெடிமருந்துக்குப் பொறுப்பான அலெக்சாண்டர் கிராண்ட், தேவைக்கு மேல் கார்டைட்டை வெளியே எடுக்கக் கூடாது என்று ஏற்கெனவே கண்டிப்பாக இருந்தவர். டரட்டில் குற்றுயிராகக் கிடந்த மேஜர் பிரான்சிஸ் ஹார்வி, மருந்தறையை மூடித் தண்ணீர் விடச் சொன்னார். பிறகு நெருப்பு இறங்கியது. கீழே கதவு மூடியிருந்தது, கப்பல் தப்பியது.

நல்ல தூக்கியில் இந்தப் புத்தியை ஆளை நம்பி விடாமல் இரும்பிலேயே வைத்திருப்பார்கள். பெரிய பிரிட்டிஷ் டரட்டுகளில் அடியிலிருந்து வரும் கூண்டு பீரங்கிக்குக் கீழேயுள்ள அறையோடு நின்றுவிடும், அங்கிருந்து வேறொரு கூண்டு மேலே போகும். நேர்வழியே கிடையாது. பிற்காலத்தில் வழியிலுள்ள கதவுகளையும் ஒன்றோடொன்று பிணைத்தார்கள், ஒன்று திறந்தால் மற்றது திறக்காது. அமெரிக்காவின் பழைய அயோவா வகைப் போர்க்கப்பல்களில் 1,225 கிலோ ஷெல் படிப்படியாக ஏறும். அசையும் சட்டம் ஒரு படி தள்ளும், குழாயில் பொருத்திய நாக்குகள் பிடித்துக்கொள்ளும், சட்டம் அடுத்த படிக்குத் தள்ள இறங்கிவரும். பவர் போனாலும் ஷெல் கீழே விழாது. மருந்துப் பைகளுக்குத் தனித் தூக்கி. இதை வரைந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

ஃபெக்டரியில் எண்ணெய் போடும் ஐயாவிடம் இதில் பாதியைச் சொன்னேன். அவர் பேசாமல் கயிற்றை வெட்டினார். நாக்கு விடுபட்டது, ஆனால் ஸ்பிரிங் செத்துப் போயிருந்ததால் அது பூட்டவில்லை. "நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன் தம்பி, ஸ்பிரிங் கேட்டா அடுத்த மாசம்ங்கிறாங்க" என்றார். ஒரு ஸ்பிரிங்! டிக்கெட் வாங்க வெளிநாட்டுக்காரர் வரிசையில் நிற்கும் இடத்தில்!

வயிறெரிந்தபடிதான் வெளியே வந்தேன். வாசலுக்கு எதிரே ஓர் அக்காவின் கடை. தகரத்தில் சுட்ட தேங்காய் ரொட்டி, அம்மியில் அரைத்த கட்டைச் சம்பல், இஞ்சி தட்டிய பிளேன்டீ. உறைப்பில் கண்ணீர் வந்தது, இன்னும் இரண்டு கேட்டு வாங்கினேன். எல்லாம் சேர்த்து 350 ரூபாய். இந்தப் பயணத்தில் மனசு நிறைந்து கொடுத்த காசு இது ஒன்றுதான். பதினொரு மணிக்கு முன் போய்விடுங்கள், கொழுந்து நிறுக்க வருகிறவர்கள் வந்தால் ரொட்டி மிஞ்சாது.