விலைப்புள்ளியும் செட்டிங் நேரமும்

லேத், மில்லிங் வேலைகளுக்கு விலைப்புள்ளி கொடுக்கும்போது, எந்திரம் உலோகத்தை வெட்டும் நேரத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது என்பதை நான் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். ஒரு பாகத்தை வெட்ட 6 நிமிடமும், டூல்களைப் பொருத்தி, ஆஃப்செட் (டூல் முனை இருக்கும் இடத்தை எந்திரத்துக்குச் சொல்லும் அளவு) எடுத்து, முதல் பாகத்தை அளந்து சரிபார்க்கும் செட்டிங்குக்கு ஆர்டருக்கு ஒருமுறை 120 நிமிடமும் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 100 பாகங்களுக்கான ஆர்டரில் ஒன்றுக்கு 7.2 நிமிடமே விழும். அதே பாகம் ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் 126 நிமிடம் ஆகிவிடும். ஆகவே, எண்ணிக்கையைக் கேட்காமல் ஒரு பாகத்தின் விலையைச் சொல்வது வாடிக்கையாளருக்கும் நமக்கும் நியாயமன்று.

வரைபடத்தில் டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கப்படும் வித்தியாசம்) ±0.1 மில்லிமீட்டரிலிருந்து ±0.01 ஆக இறுகினால், வெட்டும் வேகம், அளவுக்கருவி, ஆய்வு நேரம், கழிவாகும் பாகங்கள் எல்லாமே மாறும். சில வேளைகளில் சாணைக்கல்லால் நுண்ணளவுக்குத் தேய்க்கும் கிரைண்டிங்கும் சேர்ந்துகொள்ளும். அந்தத் துல்லியம் பேரிங் அமரும் இடத்துக்கு மட்டும் இருந்தால் போதுமா என்று முன்பே கேட்டுத் தெளிவது, பிறகு பேரம் பேசுவதைவிட இருவருக்கும் மிகுந்த பயன் தரும்.

செலவு 100 என்றால், அதன்மேல் 20 சதவீதம் கூட்டும்போது விற்பனை விலையில் லாபம் ஏறத்தாழ 16.7 சதவீதம்தான்; விற்பனையில் 20 சதவீதம் நிற்க வேண்டுமெனில், செலவை 0.8 ஆல் வகுத்து 125 என்று சொல்ல வேண்டும். மூலப்பொருளின் விலை ஏறி இறங்குவதால், விலைப்புள்ளி எந்தத் தேதிவரை செல்லுபடியாகும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுகிறேன்.