ஈர மண்ணும் பசுமைக்குடில் வாயுக்களும்: ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டல்

முதுநிலைப் படிப்பில் மண்ணியல், நீரியல், காலநிலையியல் ஆகியவற்றைத் தனித்தனித் தாள்களாகவே படித்தேன். வெள்ளம் வடிந்த நிலங்களிலிருந்து வெளியேறும் பசுமைக்குடில் வாயுக்களை அளக்கும் ஆய்வில் சேர்ந்த பிறகுதான், இந்த மூன்றும் சந்திக்கும் இடம் மண்ணின் துளைவெளி, அதாவது மண் துகள்களுக்கு இடையே நீரும் காற்றும் தங்கும் இடம், என்பது விளங்கியது. இத்துறைக்கு வரும் மாணவர்கள் வாயுக்களின் பட்டியலிலிருந்து தொடங்காமல், மண்துளைகளில் நீர் எவ்வளவு, காற்று எவ்வளவு என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் எளிது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. துளைகள் நீரால் நிறையும்போது நுண்ணுயிரிகள் எஞ்சிய ஆக்சிஜனை விரைவில் தீர்த்துவிடுகின்றன. அதன்பின் சுவாசத்திற்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று ஏறத்தாழ இந்த வரிசையிலேயே மாற்று வழிகளைத் தேடுகின்றன. நைட்ரேட்டைப் பயன்படுத்தும் கட்டத்தில் நைட்ரஸ் ஆக்சைடு வெளிப்படலாம். மற்றவை பெரும்பாலும் தீர்ந்த பின்னரே மீத்தேன் உருவாக்கம் வலுப்பெறும். வெள்ளம் சூழ்ந்த முதல் நாளிலேயே மீத்தேன் பெருக்கெடுக்காததற்குக் காரணம் இந்த வரிசைதான். தேர்வில் இதை விளக்கச் சொன்னால் வாயுவின் பெயரோடு நிறுத்தாமல் வரிசையையும் எழுதுங்கள். விடையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

துளைவெளியில் நீர் நிறைந்திருக்கும் விகிதத்தைக் கையால் கணக்கிட்டுப் பழகுவது பெரிதும் உதவும். மண்ணின் பரும அடர்த்தி (துளைகளையும் சேர்த்த கன அளவுக்கு உலர் மண்ணின் எடை) ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம், மண் துகள்களின் அடர்த்தி வழக்கமாகக் கொள்ளப்படும் 2.65 கிராம் என்றால் மொத்தத் துளைவெளி (1 − 1.3/2.65), அதாவது சுமார் 51 சதவீதம். கன அளவில் நீர் 36 சதவீதம் இருந்தால் துளைவெளியில் 71 சதவீதம் நிறைந்திருக்கிறது. அதே நீரளவு, கனரக இயந்திரங்கள் ஓடி இறுகி அடர்த்தி 1.5 ஆகிவிட்ட மண்ணில் இருந்தால், நிறைவு 83 சதவீதமாகிவிடும். பல மண்களில் 60 முதல் 80 சதவீத நிறைவில் நைட்ரஸ் ஆக்சைடு அதிகம் வெளிப்படுகிறது. அதற்கு மேல் போகும்போது அது முழுதும் நைட்ரஜன் வாயுவாகவே மாறிவிடும் போக்கு கூடுகிறது. ஆகவே ஈரப்பதத்தை மட்டும் குறித்துவிட்டுப் பரும அடர்த்தியை விட்டுவிட்ட தரவு, இரண்டு மண்களை ஒப்பிட உதவாது.

இதே கணக்கு வெள்ளத்தைப் பற்றியும் பேசுகிறது. மேல் 30 சென்டிமீட்டர் ஆழத்தை எடுத்துக்கொண்டால், முதல் மண்ணில் இன்னும் சுமார் 45 மில்லிமீட்டர் மழையை ஏற்க இடமிருக்கிறது. இறுகிய மண்ணில் சுமார் 22 மில்லிமீட்டருக்கே இடமுண்டு. நீர் உட்புகும் வேகமும் சரிவும் இதை மாற்றும் என்றாலும், முன்பே ஈரமாக இருந்த நிலத்தில் சாதாரண மழையும் ஏன் வெள்ளமாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று கொள்ளக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும் என்ற இயற்பியலையும் இதனுடன் சேர்த்துப் படித்தால், காலநிலைத் தாளும் மண்ணியல் தாளும் ஒரே பாடமாகிவிடும்.

களப்பணியில் காலம்தான் முதன்மையானது. வறண்ட மண் மீண்டும் நனையும்போது கார்பன் டை ஆக்சைடு திடீரென எழும். 1958ஆம் ஆண்டில் பிர்ச் என்ற ஆய்வாளர் இதை விரிவாக எழுதியதால் அவர் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. இத்தகைய எழுச்சிகள் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ அடங்கிவிடக்கூடும் என்பதால், வாரம் ஒரு முறை என்று கட்டாயமாக வகுத்த அட்டவணை அவற்றைத் தவறவிடும். மழைக்குப் பின்னும், நீர் வடியத் தொடங்கும் நாட்களிலும் அடுத்தடுத்து அளக்கும்படி திட்டமிடுங்கள். வறண்ட இடைவெளிகளில் குறைத்துக்கொள்ளலாம்.

மண்ணின் மேல் பெட்டியைக் கவிழ்த்து, அதற்குள் சேரும் வாயுவை அளக்கும் மூடு பெட்டி முறையைப் பின்பற்றுபவர்கள், பெட்டி அமரும் அடிச் சட்டத்தை முன்கூட்டியே மண்ணில் பதித்துவிட வேண்டும். பதிக்கும் அதிர்விலேயே சிக்கியிருந்த வாயு வெளியேறும் என்பதால், அன்றைய அளவீட்டை நம்ப முடியாது. பெட்டியை மூடியவுடனும், அதன்பின் 10, 20, 30 நிமிடங்களிலும் மாதிரி எடுத்தால் செறிவு சீராக உயர்கிறதா என்று பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் வெப்பநிலையையும், அருகில் மண் வெப்பநிலையையும் ஈரத்தையும் குறிப்பது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் எழுதும் நேரத்தில் உங்கள் விளக்கம் முழுவதும் அந்தக் குறிப்புகளின் மீதே நிற்கும்.

வாய்மொழித் தேர்வில் அலகுகள் பற்றிய கேள்விக்குத் தயாராக இருங்கள். முடிவை நைட்ரஸ் ஆக்சைடாகச் சொல்கிறீர்களா, அதிலுள்ள நைட்ரஜனாகச் சொல்கிறீர்களா என்பதை ஒவ்வொரு அட்டவணையிலும் குறிக்க வேண்டும். நைட்ரஜன் அளவை 44/28 ஆல் பெருக்கினால்தான் வாயுவின் அளவு கிடைக்கும். கார்பன் டை ஆக்சைடுக்கு நிகராக மாற்றும்போது எந்த அறிக்கையின் மதிப்பு என்பதையும் சொல்லுங்கள். காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுகளின் குழு, நூறாண்டுக் கணக்கில் நைட்ரஸ் ஆக்சைடின் வெப்பமூட்டும் திறன் அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைப்போல் எத்தனை மடங்கு என்பதை ஐந்தாம் அறிக்கையில் 265 என்றும், ஆறாம் அறிக்கையில் 273 என்றும் தந்துள்ளது. இரண்டு ஆய்வுகளின் முடிவுகளை அருகருகே வைக்கும் முன் அவற்றை ஒரே மதிப்பிற்குக் கொண்டுவாருங்கள்.