"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள்

பாடத்தை நடத்திவிட்டு "புரிஞ்சுதா?" என்போம். "புரிஞ்சுது சார்" என்று கூரை அதிரும். 40 பேர் உள்ள வகுப்பில் அந்தச் சத்தத்துக்கு 15 பேர் போதும். மீதிப் பேர் வாயசைத்தார்களா, சும்மா இருந்தார்களா என்று யாருக்கும் தெரியாது. தேர்வுத் தாள் கைக்கு வரும்போதுதான் குட்டு உடையும்.

இதற்கு அண்ணன் ஒன்று உண்டு. "தாவரங்கள் சூரிய ஒளியில் உணவு தயாரிப்பதற்குப் பேர் ஒளிச்...?" என்று இழுப்போம், "சேர்க்கை!" என்று கத்துவார்கள். சொல்லின் பாதியை நாமே கொடுத்துவிட்டோம். மீதியை நிரப்ப அறிவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தமிழ் தெரிந்தால் போதும். கோரஸ் பதிலே கூடாது என்று சொல்லவில்லை. வாய்ப்பாடு, செய்யுள் மனப்பாடம், புதுச் சொல்லின் உச்சரிப்பு இதற்கெல்லாம் அதுதான் சரி. யாருக்குப் புரிந்தது என்று தெரிந்துகொள்ள மட்டும் அது உதவாது.

முதலில் மாற்ற வேண்டியது பெயரின் இடம். "முருகா, இலையில் பச்சையம் இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்று தொடங்கினால், "முருகா" என்ற நொடியிலேயே மற்ற 39 பேருக்கும் விடுமுறை. கேள்வியை எல்லோருக்கும் பொதுவாகப் போடுங்கள். நிறுத்துங்கள். பிறகு பெயரைச் சொல்லுங்கள்.

அந்த நிறுத்தம்தான் கடினம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்து பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக 1 விநாடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, பதிலே வராத தருணங்கள் குறைந்தன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். 1970களில் வந்த முடிவு இது. இன்றைக்கு நம் வகுப்பில் போனில் பதிவு செய்து கேட்டுப் பார்த்தாலும் அந்த 1 விநாடி பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் இன்னொரு 3 விநாடி விட வேண்டும். நாம் உடனே "கரெக்ட், உட்காரு" என்று சொல்லாவிட்டால், "ஏன்னா..." என்று அந்தப் பிள்ளையே தொடரும். விநாடியை எண்ண வராதவர்கள் கேள்வியைக் கேட்டுவிட்டு இரண்டு பெஞ்சு தூரம் மெதுவாக நடந்து போகலாம்.

அந்த அமைதியை உடைக்க "சார் சார், நான் சார்" என்று எழுந்து நிற்கும் ஐந்தாறு பேர் எல்லா வகுப்பிலும் உண்டு. அவர்களைத் திட்ட வேண்டாம். கை தூக்கும் வழக்கத்தையே எடுத்துவிடுங்கள். ஐஸ் குச்சிகளில் வரிசை எண்ணை எழுதி ஒரு டப்பாவில் போட்டு, கேள்வியும் இடைவெளியும் முடிந்தபின் ஒன்றை உருவுங்கள். இதில் பலரும் செய்யும் தவறு, உருவிய குச்சியைத் தனியே வைத்துவிடுவது. ஒருமுறை மாட்டியவன் அன்றைக்குத் தப்பித்துவிட்டதாகக் கணக்குப் போடுவான். குச்சி திரும்பவும் டப்பாவுக்குள்தான் போக வேண்டும்.

"தெரியல சார்" என்றால்? நிற்க வைக்காதீர்கள். நிற்க வைத்த மறுநாளிலிருந்து, கேள்வி என்பது அந்த வகுப்புக்குத் தண்டனையின் இன்னொரு பெயர். வேறு இருவரிடம் கேட்டுவிட்டு, தெரியாது என்றவரிடமே திரும்பி வந்து, "இப்ப நீ உன் வார்த்தையில சொல்லு" என்று கேளுங்கள். தெரியாது என்பது தப்பிக்கும் வழியாகவும் இருக்கக் கூடாது, அவமானமாகவும் ஆகக் கூடாது.

குச்சி ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் காட்டும். 40 பேரின் நிலையும் ஒரே நிமிடத்தில் வேண்டுமென்றால் விரல் போதும். ½ + ⅓ எவ்வளவு? கரும்பலகையில் நான்கு விடை எழுதுங்கள்: 1) 2/5, 2) 5/6, 3) 2/6, 4) 1/6. சும்மா எழுதிய நான்கு அல்ல. 2/5 சொல்பவர் மேலே மேலே, கீழே கீழே கூட்டியிருக்கிறார். 2/6 சொல்பவருக்குப் பொதுப் பகுதி கண்டுபிடிக்கத் தெரியும், தொகுதியை மாற்ற மறந்துவிட்டார். 1/6 சொல்பவர் பெருக்கியிருக்கிறார். மூன்று தவறுக்கும் மூன்று மருந்து. "எல்லாரும் கவனமா போடுங்கப்பா" என்று பொதுவாகச் சொல்வதில் ஒருவருக்கும் குணமாகாது.

யோசிக்க அரை நிமிடம் கொடுத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சுக்கு நேராக விரலைக் காட்ட வேண்டும். தலைக்கு மேல் தூக்கினால் பின்னால் இருப்பவர் பார்த்துக் காப்பியடிப்பார். தெரியாதவர் மூடிய கையைக் காட்டலாம். அந்த அனுமதி இல்லாவிட்டால் ஊகம்தான் வரும். நாலைந்து பேர் மட்டும் தவறென்றால் பாடத்தைத் தொடர்ந்துவிட்டு, மற்றவர்கள் கணக்குப் போடும் நேரத்தில் அவர்களோடு உட்காரலாம். பாதி வகுப்பு 2/5 காட்டினால் அடுத்த பக்கத்துக்குப் போவதில் அர்த்தமில்லை.

பக்கத்தில் இருப்பவரோடு பேசவிடுவது அடுத்தது. "டிஸ்கஸ் பண்ணுங்க" என்று விட்டால் சந்தைக்கடைதான். யார் முதலில், எதைப் பற்றி, எவ்வளவு நேரம் என்ற மூன்றையும் சொல்லுங்கள்: "ஜன்னல் பக்கம் இருக்கிறவங்க முதல்ல. இந்த நாலு விடையில எது தப்பு, ஏன் தப்புன்னு சொல்லணும். ஒரு நிமிஷம்." உடனே ஒரு பிள்ளையை அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பெஞ்சுக்கு மூன்று பேர் இருந்தால் மூன்றாமவர் சும்மா இருப்பார். கேட்டதை வகுப்புக்குச் சொல்லும் வேலை அவருடையது. ஒரு நிமிடம் என்றால் ஒரு நிமிடம்தான். ஐந்து நிமிடம் கொடுத்தால் இரண்டாவது நிமிடத்திலேயே பேச்சு நேற்றைய கிரிக்கெட்டுக்குப் போயிருக்கும்.

திரும்ப அமைதிக்குக் கொண்டுவரக் கத்த வேண்டாம். நம் குரல் ஏற ஏற அவர்கள் குரலும் ஏறும். கையை உயர்த்தி நின்றால் பார்த்தவர்கள் பேச்சை நிறுத்திக் கை உயர்த்த வேண்டும் என்று முதல் நாளே பழக்கிவிடுங்கள். முழு அமைதி வரும் முன் நாம் வாயைத் திறந்தால் அந்தச் சைகை அன்றோடு செத்தது.

1 முதல் 3ஆம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் (வாசிப்பு, எழுத்து, அடிப்படைக் கணக்குக்கான தமிழக அரசுத் திட்டம்) நடத்துபவர்களுக்கு இந்த விரல் வித்தை அவ்வளவு பொருந்தாது. அங்கே கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று குழுக்களாகப் பிரித்திருப்பதால் ஒரே அறையில் மூன்று வேலை நடக்கும். அவர்கள் கவனிக்க வேண்டியது உட்காரும் இடம். அரும்புக் குழுவோடு உட்காரும்போது முதுகு சுவர்ப்பக்கம் இருக்கட்டும். மற்ற இரண்டு குழுவும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால், பாதிச் சண்டை தொடங்கும் முன்பே நின்றுவிடும்.

எல்லாவற்றையும் திங்கட்கிழமையே தொடங்காதீர்கள். ஒரு பாடவேளையில் ஒரே ஒரு விரல் கேள்வி, 3 விநாடி இடைவெளி. முதல் வாரம் அந்த அமைதி பிள்ளைகளுக்கே விசித்திரமாக இருக்கும், "சார், கேள்வி மறந்துட்டீங்களா?" என்று யாராவது கேட்பார்கள்.