காது நல்லா இருக்கு, கேட்கத்தான் இல்லை

முதலில் சந்தேகப்பட்டது என் மாமியார்தான். வீட்டின் உள்முற்றமான வளவில் நின்று கூப்பிட்டால் பையன் முகப்புப் பக்கம் திரும்பிப் பார்ப்பான். சிங்கப்பூரிலிருந்து அவன் சித்தப்பா பேசினால் போனை வலது காதை விட்டு எடுக்கமாட்டான். “ஏத்தா, இவனுக்கு ஒரு காது மந்தமா இருக்குமோ?” என்றார். ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் வேறு, டிக்டேஷனில் சொல்வது ஒன்று, எழுதுவது ஒன்று என்று புகார்.

காரைக்குடியில் பார்த்த டாக்டர் சளி என்று சொட்டு மருந்து கொடுத்தார். செவிப்பறை சுத்தமாக இருப்பதாகவும் அவரே சொன்னார். அப்புறம் எதற்குச் சொட்டு மருந்து என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

மதுரையில், காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஓர் ஆடியாலஜிஸ்ட்தான் வழிகாட்டினார். ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னபோது இடது பக்கத்துக்குக் கை எழவே இல்லை. ஆனால் உள்காது தானே எழுப்பும் மெல்லிய ஒலியைப் பிடிக்கும் ஓ.ஏ.இ. சோதனையில் அதே காது தேறிவிட்டது. பிறகு சிரப் கொடுத்துத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, சத்தம் செவி நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனை எடுத்தார்கள். வலது காதுக்குத் திரையில் மேடு மேடாக ஐந்து அலைகள். இடதுக்கு முதல் மேட்டோடு சரி, அப்புறம் கோடு தட்டை.

“காது வேலை செய்யுதும்மா. அங்கேருந்து மூளைக்குப் போற வழியிலதான் ஏதோ இருக்கு. காண்ட்ராஸ்ட் ஊசியோட எம்.ஆர்.ஐ. எடுத்துருங்க, தள்ளிப்போடாதீங்க” என்றார். காலையில் வாந்தி உண்டா, நடையில் தள்ளாட்டம் உண்டா என்றும் கேட்டார். இரண்டும் இருந்தது. வாந்தியைப் பித்தம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

சிறுமூளையும் மூளைத்தண்டும் சேரும் மூலையில் கட்டி. செவி நரம்பு போகும் வழியே அதுதான். அறுவை சிகிச்சைக்குப் பின் பயாப்ஸியில் எபென்டைமோமா என்று வந்தது, மூளையில் வரும் ஒரு வகைப் புற்றுநோய்க் கட்டி.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருந்ததால் பிழைத்தோம். புதிதாக எடுப்பதென்றால் ரேஷன் கார்டு வேண்டும், வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ. வருமானச் சான்றும் வேண்டும்.

கதிர்வீச்சுக்கு வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி முகமூடி செய்தார்கள். ஆறியதும் அவன் மூக்கும் தாடையும் அப்படியே அச்சாக இருந்தன. அதை மேசையோடு பூட்டிவிடுவார்கள். உள்ளே யாரும் நிற்கக் கூடாது, மைக்கில் கதை சொல்ல மட்டும் என்னை விட்டார்கள்.

இடது காது திரும்பவில்லை. வகுப்பில் முதல் பெஞ்சில் இடது ஓரம் உட்காருகிறான், வலது காது டீச்சர் பக்கம். ஹாரன் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியாததால் சைக்கிள் எங்கள் தெருவைத் தாண்டக் கூடாது. அதற்குத்தான் இப்போது தினமும் சண்டை.